பதின்வயதுப் பிள்ளைகளும் மண்ணும்: இயற்கை நாவல்களைக் கூடப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

12 வயதுக்கும் 16 வயதுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குப் பட்டியல் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிய புத்தகத்தை எந்த வரிசையில் கொடுப்பது, எந்த இடத்தில் நிறுத்திப் பேசுவது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பதெல்லாம் அந்தப் பட்டியல்களில் இருக்காது. இது பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஆனது. எட்டுப் புத்தகங்கள், அவசரப்படாமல் போனால் ஒரு வருடம் பிடிக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையும் மறுமலர்ச்சியும் வளரிளம் பருவமும் கலந்த நாவல்களை "இயற்கை மனசை ஆற்றும்" என்ற ஒரு வரியில் அடக்கிவிடுகிறார்கள். நல்ல நாவல்களில் அப்படி நடப்பதில்லை. ஓர் உயிரின் பொறுப்பு ஒரு பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது. அது செடியாக இருக்கலாம், மான்குட்டியாக இருக்கலாம், தன் உயிராகவே இருக்கலாம். அதற்காக அந்தப் பிள்ளை தினமும் ஏதாவது வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. அந்த வேலைதான் அவனையோ அவளையோ வளர்க்கிறது. ஆகவே இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது பாத்திரத்தின் கை என்ன செய்கிறது என்று பின்தொடர்ந்து போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான்.

படி 1: புத்தகத்தைச் சோதித்துப் பாருங்கள்

அட்டையில் காடு இருந்தால் போதாது. கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே நடுவில் ஏதாவது பத்துப் பக்கம் புரட்டுங்கள். மரம் என்று மட்டும் எழுதியிருக்கிறதா, என்ன மரம் என்று எழுதியிருக்கிறதா? பறவை கூவியது என்று போகிறதா, எந்தப் பறவை, எந்த மாதம் என்று தெரிகிறதா? பெயர் சொல்லும் எழுத்தாளர் கவனித்துப் பார்த்தவர். பெயரே சொல்லாதவருக்குப் பெரும்பாலும் காடு ஒரு திரைச்சீலைதான்.

அடுத்தது, பிள்ளை ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள். தோண்டுவது, கட்டுவது, காயவைப்பது, காத்திருப்பது, எதுவாகவும் இருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் புத்தகம் இந்த வயதுக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

மூன்றாவதாக, இழப்பு இழப்பாகவே இருக்கிறதா என்று பாருங்கள். செத்த நாய் கடைசி அத்தியாயத்தில் எழுந்து வந்தால், காய்ந்துபோன தோட்டம் ஒரே இரவில் பூத்தால், அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி ஏமாற்றுவது உடனே தெரிந்துவிடும்.

படி 2: மொழிப் பிரச்சினையை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்த எட்டில் இரண்டு தமிழில் நன்றாகவே கிடைத்துவந்தவை. மற்றவற்றை ஆங்கிலத்திலேயே வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்காத பிள்ளைக்கு இவை எட்டாது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஓர் அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். முக்கியமான ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் சத்தமாக வாசியுங்கள். அகராதியைத் தொட வேண்டாம். தெரியாத செடி, பறவை வந்தால் போனில் படம் காட்டினால் போதும். பத்துப் பக்கத்துக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் பாதகமில்லை. பக்கத்துக்குப் பத்து சொல் என்றால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

படி 3: டோட்டோ-சானில் தொடங்குங்கள்

அதிகம் படித்துப் பழகாத பிள்ளைக்கு, அது 12 வயதாக இருந்தாலும், டெட்சுகோ குரோயனாகியின் "டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி" நல்ல வாசல். 1981இல் ஜப்பானில் வந்த நினைவுநூல் இது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ரயில்பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த டோமோயே பள்ளி பலருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் நிறுத்திப் பேச வேண்டிய இடம் வேறு. அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறுவதற்கென்று சொந்தமாக ஒரு மரம் உண்டு. போலியோவால் கைகால் முடங்கிய யாசுவாகி-சானைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக டோட்டோ-சான் அழைக்கிறாள். ஏணியைத் தேடி இழுத்து வருகிறாள், அது சரிப்படாமல் இன்னொன்றைக் கொண்டுவருகிறாள், வேர்த்துக் கொட்ட அவனை மேலே இழுக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. உங்கள் பிள்ளை அந்தப் பக்கங்களை மூச்சுப் பிடித்துப் படித்தால் அடுத்த புத்தகத்துக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: பூட்டிய தோட்டம், இங்கே நிதானமாகப் போங்கள்

இந்த வரிசையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய புத்தகம் பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் "தி சீக்ரெட் கார்டன்". 1911இல் நூலாக வந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 27 அத்தியாயங்கள். வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் முடியும்.

கதை இந்தியாவில்தான் தொடங்குகிறது. வெள்ளைக்கார அதிகாரியின் மகள் மேரி லெனாக்ஸ். யாருக்கும் வேண்டாத, சிடுசிடுவென்று இருக்கும் பெண். காலராவில் பெற்றோர் இறந்துபோக, இங்கிலாந்தின் யார்க்ஷரில் மாமா ஆர்ச்சிபால்ட் கிரேவனின் பெரிய மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தோட்டம். சாவியைப் புதைத்துவிட்டார்கள்.

முதல் அத்தியாயத்தில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. அதை நிறுத்திக் காட்டுங்கள். காலரா வந்த அந்தக் காலையில் மேரி மரத்தடியில் உட்கார்ந்து, சின்னச் சின்ன மண்குவியல்களில் செம்பருத்திப் பூக்களைச் செருகித் தோட்டம் போட்டதாக விளையாடுகிறாள். பறித்த பூ, வேர் இல்லை, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்யும் விளையாட்டுதான். இப்போது ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். பூட்டிய தோட்டத்துக்குள் நுழைந்துவிட்ட மேரி, மண்ணைப் பிளந்துகொண்டு வரும் வெளிர்பச்சை முனைகளைப் பார்க்கிறாள். அவை என்னவென்று அவளுக்குத் தெரியாது. தோட்ட வேலை பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் சுற்றிலும் புல் அடர்ந்து நெருக்குவதால் அவற்றுக்கு மூச்சு முட்டும் என்று தோன்றுகிறது. கூர்மையான ஒரு மரத்துண்டை எடுத்து, மண்டியிட்டு, புல்லைக் கிளறி எடுத்து, ஒவ்வொரு முனையைச் சுற்றியும் இடம் பண்ணிக்கொடுக்கிறாள். குளிர் மறந்து, மேல்கோட்டைக் கழற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் வரை அதே வேலை. செம்பருத்தி விளையாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பதினோராவது அத்தியாயத்தில் இன்னொரு நிறுத்தம். வேலைக்காரப் பெண் மார்த்தாவின் தம்பி டிக்கன், 12 வயது, தோட்டத்துக்குள் வருகிறான். ரோஜாக் கொடிகள் எல்லாம் சாம்பல் நிறக் குச்சிகளாகக் கிடக்கின்றன. செத்துவிட்டதா என்று மேரி கேட்கிறாள். அவன் கத்தியை எடுத்து ஒரு கிளையை வெட்டிப் பட்டைக்குள் இருக்கும் பச்சையைக் காட்டுகிறான். இதை உங்கள் தெருவிலேயே செய்து பார்க்கலாம். புங்கமரமும் அரசமரமும் கோடைத் தொடக்கத்தில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது, மெல்லிய கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, மடக்கினால் பட்டென்று ஒடிந்தால் அந்தக் கிளை போய்விட்டது. பனிக்காலத்தையே பார்க்காத பிள்ளைக்கு ஆங்கில நாவல்களின் வசந்தம் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்பது இந்தச் சுரண்டலில் பாதி புரிந்துவிடும்.

மேரி மாமாவிடம் கேட்கும் ஒரே பொருள் பொம்மையோ புத்தகமோ இல்லை, கொஞ்சம் மண். விதை போட்டு ஏதாவது வளர்க்க ஒரு துண்டு நிலம். அந்த அத்தியாயம் முடிந்ததும், வசதி இருந்தால், பிள்ளைக்கென்று ஒரு தொட்டியாவது ஒதுக்கிக் கொடுங்கள். என்ன நடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். செடி பட்டுப்போனால் நீங்கள் ரகசியமாக வேறு வைத்துவிடாதீர்கள்.

இந்தப் புத்தகத்தில் மறைக்காமல் பேச வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, இந்தியர்களைப் பற்றி மேரியும் மற்றவர்களும் பேசும் விதம். வேலைக்காரர்களை மனிதர்களாகவே அவள் எண்ணுவதில்லை, ஆயாவை அடிக்கிறாள். மேரியின் குணக்கேட்டை நாவல் கண்டிக்கிறது, உண்மைதான். ஆனால் இந்தியாவையே நோயும் சோம்பலும் நிறைந்த இடமாகவும், யார்க்ஷர் காற்றை மருந்தாகவும் வைப்பதில் அதற்குத் தயக்கமே இல்லை. காலனியக் காலத்துப் பார்வை அது. பிள்ளையிடம் அதை நேராகவே சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டாம். மேரியை வளர்த்த அந்த ஆயாவும் காலராவில்தான் செத்துப்போகிறாள், நாவல் அவளுக்காக எத்தனை வரி செலவழிக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னாலே போதும்.

இரண்டாவது, மேரியின் அத்தை மகன் காலின். நடக்க முடியாது, சீக்கிரம் செத்துவிடுவேன் என்று நம்பிப் படுத்தே கிடக்கும் பையன். தோட்டத்துக்கு வந்து, நல்ல எண்ணங்களை நினைத்து, எழுந்து நடந்துவிடுகிறான். மனத்தால் நினைத்தால் உடல் தேறிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து அமெரிக்காவில் பரவியிருந்தது. பர்னெட்டுக்கும் அதில் ஈடுபாடு உண்டு. காலினுக்கு உண்மையில் உடலில் நோய் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால் இதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். என் கணிப்பில் நாவலின் முதல் பாதிதான் உயர்ந்தது. பின்பாதியில் காலின் நடுவில் வந்து நிற்க, மண்டியிட்டுப் புல் பிடுங்கிய மேரி ஓரத்துக்குப் போய்விடுகிறாள். இது சரியா என்று 13 வயதுப் பெண்களிடம் கேட்டால் நல்ல வாக்குவாதம் கிடைக்கும்.

படி 5: தானாகப் போனவன், விழுந்தவன்

அடுத்த இரண்டையும் ஜோடியாகக் கொடுங்கள்.

ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜின் "மை சைட் ஆஃப் தி மவுண்டன்" 1959இல் வந்தது. நியூயார்க் நகரத்தில் பெரிய குடும்பத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் சாம் கிரிப்லி, கேட்ஸ்கில் மலையில் கொள்ளுத்தாத்தாவின் கைவிடப்பட்ட நிலத்துக்குத் தனியாகப் போய்விடுகிறான். கையில் ஒரு பேனாக்கத்தி, ஒரு கயிற்றுண்டை, ஒரு கோடாலி, தீ மூட்டச் சிக்கிமுக்கிக் கல்லும் எஃகும், சேர்த்துவைத்த 40 டாலர். ஒரு பழைய ஹெம்லாக் மரத்தின் பொந்தைக் குடைந்தும் எரித்தும் பெரிதாக்கி வீடாக்குகிறான். மான்தோலைப் பதப்படுத்துகிறான். பைரி என்ற வேட்டைப்பறவையின் குஞ்சு ஒன்றைக் கூட்டிலிருந்து எடுத்து வேட்டைக்குப் பழக்குகிறான். எழுத்தாளரின் அண்ணன்மார் பைரி, வல்லூறு வளர்த்துப் பழகியவர்கள், பின்னாளில் கரடி ஆராய்ச்சியில் பெயர்பெற்றவர்கள். அந்த வீட்டு அனுபவம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், சாம் காட்டிலிருந்து இறங்கி ஊர் நூலகத்துக்குப் போவது. பைரியை எப்படி வளர்ப்பது என்று தெரியாமல் நூலகரிடம் உதவி கேட்கிறான். காட்டில் வாழ்வதும் புத்தகம் படிப்பதும் எதிரெதிர் என்று இந்த நாவல் நினைக்கவே இல்லை.

கேரி பால்சனின் "ஹேட்செட்" இதற்கு நேர்மாறு. 13 வயது பிரையன், பிரிந்துபோன அப்பாவைப் பார்க்கச் சிறிய விமானத்தில் கனடாவுக்குப் போகிறான். விமானிக்கு மாரடைப்பு. விமானம் ஏரியில் விழுகிறது. இடுப்பில் அம்மா பரிசாகக் கொடுத்த கைக்கோடாலி மட்டும். 54 நாள் தனியாக. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலம் கைவராத பிள்ளைக்கும் எளிது. படிக்கவே பிடிக்காது என்று சொல்லும் பையன்களுக்கு முதல் புத்தகமாகவே இதைக் கொடுக்கலாம். மேலே சொன்ன வரிசையை அவர்களுக்காக உடைப்பதில் தவறில்லை.

தீ மூட்டும் பகுதியை மெதுவாக வாசியுங்கள். இரவில் முள்ளம்பன்றி நுழைய, இருட்டில் கோடாலியை வீசுகிறான். அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. மறுநாள்தான் அந்தப் பொறியின் அர்த்தம் புரிகிறது. உலர்ந்த புல்லில் பொறி விழுகிறது, பற்றவில்லை. சுள்ளியில் பற்றவில்லை. பர்ஸில் இருந்த 20 டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான், அதிலும் இல்லை. கடைசியில் பிர்ச் மரப்பட்டையை மயிரிழை போல நார்நாராக உரித்துக் குவிக்கிறான். பொறி தங்குகிறது, உடனே அணைகிறது. அப்போதுதான் பள்ளியில் படித்தது நினைவுக்கு வருகிறது: காற்று வேண்டும். ஊதுகிறான். அறிவியல் பாடத்தில் ஆக்சிஜன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பக்கம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் முடித்ததும் ஒரு தாளில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சாம் காட்டுக்குப் போகும்போது தெரிந்துவைத்திருந்தவை, இன்னொரு பக்கம் பிரையனுக்குத் தெரிந்திருந்தவை. பிறகு மூன்றாவதாகத் தனக்கு என்ன தெரியும் என்று எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு புத்தகமும் பிள்ளைகளைச் செய்துபார்க்கத் தூண்டும். முடிச்சுப் போடுவது, வரைபடம் வரைவது, கூடாரம் கட்டுவது எல்லாம் சரி. ஆனால் காட்டுப் பழமோ காளானோ கிழங்கோ வாயில் வைக்கக் கூடாது, தீ பெரியவர்கள் இல்லாமல் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். பிரையனே பெயர் தெரியாத பழத்தைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். காட்டுப் பறவைக் குஞ்சை எடுத்து வளர்ப்பதும் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாம் செய்தான் என்பதற்காகச் செய்ய முடியாது.

படி 6: தீவில் பதினெட்டு வருடம்

ஸ்காட் ஓ'டெல் எழுதிய "ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்" 1960இல் வந்து, அடுத்த வருடம் சிறார் நூல்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை தனியாக வாழ்ந்த ஒரு பழங்குடிப் பெண்ணின் உண்மை வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அவரைக் கரைக்கு அழைத்து வந்த பிறகு, அவர் பேசியதை முழுதாகப் புரிந்துகொள்ள அங்கே யாரும் இருக்கவில்லை என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. ஏழே வாரத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஜுவானா மரியா என்பது சாண்டா பார்பராவில் பாதிரிமார் அவருக்கு வைத்த பெயர்.

இந்த உண்மையை நாவலுக்கு முன்னால் சொல்ல வேண்டாம், முடித்தபின் சொல்லுங்கள். நாவல் அவள் கப்பல் ஏறுவதோடு நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். அப்போது சொல்வதுதான் பொருத்தம்.

நாவலில் அவள் பெயர் கரானா. தம்பி ராமோவைக் காட்டுநாய்கள் கொன்றுவிடுகின்றன. பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது, செய்தால் கேடு வரும் என்பது அவள் குலத்தின் கட்டுப்பாடு. பயந்துகொண்டேதான் வில்லும் ஈட்டியும் செய்கிறாள். நாய்களைக் கொல்லப் போகிறாள். கூட்டத்தின் தலைமை நாய் மீது அம்பு பாய்கிறது. பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால் அது சாகாமல் கிடக்கிறது. இன்னொரு அம்பு எய்யக் குறிவைக்கிறாள், எய்யவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவுகிறாள். ஏன் எய்யவில்லை என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். இந்த இடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: இரக்கம், தனிமை, சோர்வு. எதையும் சரி என்றோ தப்பு என்றோ முடித்துவைக்காதீர்கள். வருடங்கள் போனபின், கடல் நீர்நாய்களையும் நீர்க்காகங்களையும் இனிக் கொல்வதில்லை என்று அவள் எடுக்கும் முடிவு அந்த எய்யாத அம்பிலிருந்துதான் வருகிறது. அவளாக வாயால் அதைச் சொல்லமாட்டாள்.

பழங்குடி மக்களின் கதையை வெளியாள் ஒருவர் கற்பனை செய்து எழுதியது இது என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் பேசலாம். அவர்களின் நம்பிக்கை, சடங்கு என்று நாவல் சொல்வதையெல்லாம் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 7: மிகக் கடினமான புத்தகம்

மார்ஜரி கின்னன் ராலிங்ஸின் "தி இயர்லிங்" 1938இல் வெளிவந்து, 1939இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஃப்ளோரிடாவின் புதர்க்காட்டில் வாழும் ஏழை விவசாயக் குடும்பம். ஜோடி பாக்ஸ்டர் என்ற பையன், அப்பா பென்னி, அம்மா ஓரி. 14 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள். புத்தகம் பெரிது, பேச்சுவழக்கு ஆங்கிலம் கடினம். முதல் ஐம்பது பக்கத்தை நீங்களே வாசித்துக்காட்டினால் காது பழகிவிடும்.

அப்பாவைக் கிலுகிலுப்பைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை இறக்க அவர் ஒரு பெண்மானைச் சுட்டு அதன் ஈரலை எடுத்துக் கடிவாயில் வைக்கிறார். அந்த மானின் குட்டி அநாதையாக நிற்கிறது. அதை ஜோடி எடுத்து வளர்க்கிறான். ஃப்ளாக் என்று பெயர். ஒரு வருடத்தில் குட்டி வளர்ந்து, முளைவிட்ட மக்காச்சோளத்தை மேய்கிறது. ஜோடி மறுபடி விதைக்கிறான், வேலியை உயர்த்துகிறான். மான் தாண்டுகிறது. அந்தச் சோளம் போனால் குடும்பத்துக்கு அந்த வருடம் சாப்பாடு கிடையாது. அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் அப்பா, மானைச் சுட்டுவிடச் சொல்கிறார். ஜோடியால் முடியவில்லை. அம்மா சுடுகிறாள், குறி தப்பிக் காயம்தான் படுகிறது. முடித்துவைக்க வேண்டியது ஜோடி.

இதை முன்கூட்டியே சொல்லலாமா? மிருகங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை என்றால் சொல்லிவிடுங்கள். "கடைசியில் மான் சாகும், இருந்தாலும் படிக்கலாமா?" என்று கேளுங்கள். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். தெரிந்துகொண்டே படிக்கும் பிள்ளை ஒவ்வொரு வேலித்தாண்டலையும் இன்னும் கவனமாகப் படிக்கும்.

முதல் அத்தியாயத்தில் ஜோடி ஓடைத் தண்ணீரில் சுள்ளியும் பனையோலைக் கீற்றும் வைத்து ஒரு சின்ன நீர்ச்சக்கரம் செய்கிறான். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறான். எல்லாம் முடிந்தபின், ஓடிப்போய்ப் பட்டினி கிடந்து திரும்பும் வழியில், அதே ஓடையில் மறுபடி ஒன்று செய்கிறான். சக்கரம் அதேபோலத்தான் சுற்றுகிறது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உதைத்துக் கலைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறான். இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து ஒருமுறை வாசியுங்கள்.

புத்தகம் முடிந்த அன்று கேள்வி கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிள்ளை தானாக வந்து யார் மேல் கோபம் என்று சொல்லும். பெரும்பாலும் அம்மா மேல் கோபப்படுவார்கள். அப்போது ஓரி அதற்கு முன்னால் எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தவள் என்று முதல் அத்தியாயங்களில் இருப்பதைத் திருப்பிக் காட்டுங்கள்.

படி 8: இரண்டு பாப்லர் மரங்கள்

அந்தக் கனத்துக்குப் பிறகு தமிழுக்குத் திரும்புங்கள். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் குறுநாவல் "முதல் ஆசிரியர்" சோவியத் காலத்திலேயே தமிழில் வந்தது. நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் பாருங்கள். அதிகம் படிக்காத துய்ஷேன் என்ற இளைஞன், ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கிராமத்துக்கு வந்து, ஊரார் ஏளனம் செய்ய, மேட்டின் மேல் இருந்த பழைய லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிர்காலத்தில் ஓடையின் உறைநீரில் வெறுங்காலோடு நின்று பிள்ளைகளைத் தூக்கி அக்கரை சேர்க்கிறான். அநாதைப் பெண் அல்தினாயோடு சேர்ந்து இரண்டு பாப்லர் கன்றுகளை நடுகிறான். பல்லாண்டு கழித்து அவள் பெரிய கல்வியாளராக ஊருக்கு வரும்போது, மரங்கள் ஊருக்கே அடையாளமாக உயர்ந்து நிற்கின்றன. துய்ஷேன் தபால் கொண்டுபோகும் கிழவன்.

அல்தினாயை வலுக்கட்டாயமாக இரண்டாம் தாரமாகக் கடத்திப் போகும் பகுதியும், அங்கே அவளுக்கு நேரும் வன்முறையும் இதில் உண்டு. 15 வயதுக்கு மேல் கொடுங்கள், பெண்பிள்ளைகளோடு பேசத் தயாராக இருங்கள். வாய்விட்டு வாசிக்க இந்த எட்டில் மிகப் பொருத்தமானது இதுதான். மூன்று நான்கு மாலையில் முடித்துவிடலாம்.

படி 9: படிப்பவர் எழுதட்டும்

கடைசிப் புத்தகத்தை எழுதியவரே பதின்வயதினர். வட அயர்லாந்தைச் சேர்ந்த டாரா மக்கனல்டி 14, 15 வயதில் எழுதிய நாட்குறிப்பு "டயரி ஆஃப் எ யங் நேச்சுரலிஸ்ட்" என்று 2020இல் வந்து, அதே ஆண்டு இயற்கை எழுத்துக்கான பிரிட்டனின் வெய்ன்ரைட் பரிசு பெற்றது. ஆட்டிசம் உள்ளவர். பள்ளியில் சீண்டப்பட்டது, வீடு மாறி வேறு ஊருக்குப் போனது, புதுப் பள்ளிக்குப் பயந்தது, எல்லாமே பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் நடுவில் வருகிறது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பகுதி. நாவல் போல வேகமாகப் படிக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதிவு போதும்.

இதைப் படிக்கும் அதே நாட்களில் பிள்ளையும் ஒரு நோட்டுப் போடட்டும். ஒரே இடம், தினமும் பார்க்கக் கூடியது: மாடியிலிருந்து தெரியும் முருங்கை, பஸ் ஸ்டாப் பக்கத்து வேப்பமரம், குளத்தங்கரை. தேதி, நேரம், வெயிலா மழையா, பார்த்தது என்ன, தெரியாத ஒரு கேள்வி. இவ்வளவுதான். "அழகாக இருந்தது" என்று எழுதினால் எது, எப்படி என்று ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். தினமும் எழுதச் சொல்லாதீர்கள்; வாரம் இரண்டு பதிவு தொடர்ந்து வந்தாலே பெரிது. சில நாள் மரத்தை விட்டுவிட்டு நண்பனோடு நடந்த சண்டையை எழுதியிருப்பார்கள். அதுவும் அந்த நோட்டில் இருக்க வேண்டியதே, டாராவின் நோட்டும் அப்படித்தான் இருக்கிறது.

பாதியில் நின்றால்

எந்தப் புத்தகமும் பாதியில் நிற்கலாம். ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழையது தானாகவே கையில் ஏறுவதுண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பது. அந்தக் கேள்வி வந்த உடனே பிள்ளை நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தேடத் தொடங்கிவிடும். பதிலாக, எந்த வேலையைச் செய்து பார்க்க ஆசை, எந்த இடத்தில் அவன் செய்தது தப்பு, நீ என்றால் வேலியை எப்படிக் கட்டியிருப்பாய் என்று கேளுங்கள்.

எட்டையும் முடித்த பிள்ளைக்கு இனி நாவல் மட்டும் போதாது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த "மழைக்காலமும் குயிலோசையும்", நல்ல அடுத்த படி. நம் ஊர்ப் பறவையும் விலங்கும் கிருஷ்ணனின் தமிழில் அத்தனை துல்லியமாக வருகின்றன. அதற்கப்புறம் பறவையியலாளர் சாலிம் அலியின் 1985இல் வந்த தன்வரலாறு, "தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ". சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய தொண்டையில் மஞ்சள் திட்டுள்ள ஒரு குருவியை எடுத்துக்கொண்டு, அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போகிறார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு விரட்டிவிடாமல், அலமாரிகளைத் திறந்து பதப்படுத்திய பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். முழுப் புத்தகமும் 15 வயதுக்குக் கனம்தான். அந்தக் குருவியின் அத்தியாயத்தை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.